நிலம் மாறினால் கிணறும் மாறும்

(தோட்டக் கிளை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் முன்னே பேசியவர்கள் வேண்டிய அளவு பேசிவிட்டார்கள். தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டுமென்று செயலவை நம்மைக் கேட்டுக்கொண்டது. "குழாய்தான் வந்துவிட்டதே, இன்னும் என்ன தண்ணீர்ப் பேச்சு?" என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது காதில் விழுகின்றது. குழாய் வந்தது உண்மைதான். அதில் தண்ணீர் வாரத்திற்கு எத்தனை நாள் வருகின்றது, வராத நாளில் வாளியைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறோம் என்பதைச் சிரித்தவர்களே எழுந்து சொல்லட்டும்.

நம் தோட்டத்தில் கிணறுகள் இரண்டு. ஒன்று பழைய பால் ஸ்டோருக்குப் பின்னால் இருப்பது. நம் பாட்டன்மார் காலத்தில் வெட்டியது. மொண்டு வைத்த தண்ணீர் அரைமணி நேரத்தில் செம்மண் நிறமாகிவிடும். வெள்ளை வேட்டியை அதில் அலசினால் மறுநாள் காவி கட்டிய சாமியாராகத்தான் கோயிலுக்குப் போக வேண்டும். மற்றொன்று கீழ் லயத்துக் கிணறு. அதன் தண்ணீர் பளிங்கு போல் இருக்கும். ஆகவே குழாய் நின்ற நாளெல்லாம் ஸ்டோர் கிணற்றைத் தாண்டிக் கால்மைல் நடந்து, கீழ் லயத்துக் கிணற்றில்தான் குடிக்கவும் சமைக்கவும் குழந்தைக்குப் பால்மா கரைக்கவும் தண்ணீர் எடுத்து வந்தோம்.

சென்ற ஆண்டு இரண்டு கிணற்று நீரையும் போத்தலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினோம். முடிவு வந்த பொழுது, இரண்டு போத்தலையும் மாற்றிக் குறித்துவிட்டார்களோ என்றுதான் நினைத்தோம். இரண்டிலும் கிருமி இருந்தது; அது திறந்த கிணறு எதிலும் இருப்பது, கொதிக்க வைத்தால் தீர்ந்தது. சிவப்புக் கிணற்றில் கண்ட மற்றக் குற்றம் இரும்பும் மாங்கனீசும். அவை நல்லவை என்று சொல்லவில்லை. ஆனால் காற்றுப்படக் கொட்டி, மணலில் வடித்தால் இரும்பில் பெரும்பகுதி போய்விடும். தெளிந்த கிணற்றிலோ, கண்ணுக்குத் தெரியாத நைட்ரேட்டு என்ற உப்பு, குடிநீருக்கு இந்த நாட்டில் வகுத்துள்ள அளவைக் கடந்து நின்றது. அதை மணலும் பிடிக்காது, நெருப்பும் போக்காது. காய்ச்சக் காய்ச்ச நீர் வற்றி, உப்பு கெட்டிப்படுமே ஒழியக் குறையாது. நிறத்தைப் பார்த்து நம்பினோம். நம்பி, மோசமான தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுத்தோம்.

இந்தச் சோதனைக்கு முன்னே எச்சரித்தவர் ஒருவர் உண்டு. கீழ் லயத்தில் ஒரு பாட்டி ஆபீசுக்கு வந்து, "கிராணி ஐயா, முன்னெல்லாம் மாசத்துக்கு ஒரு தடவை தொட்டி தேய்ப்போம். மேல்காட்டுல மரம் சாய்ச்ச பிற்பாடு வாரத்துக்கு ஒரு தடவை பச்சை பிடிக்குதுங்க" என்றார். ஆபீசில் இருந்த நாங்கள் சிரித்தோம். உரம் இறங்கிய தண்ணீரில் பாசி செழிக்கும் என்பது வயிற்றுப் பிழைப்புக்காக உரம் கணக்கெழுதும் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அம்மாளுக்குத் தொட்டி தேய்த்தே தெரிந்துவிட்டது. நிர்வாகத்திடம் போன பொழுது, "தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கின்றது, என்ன குறை?" என்றார்கள். அதைச் சொல்லி அவர்களை ஏசுவதற்கு நமக்கு யோக்கியதை இல்லை. நாமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சரி, கிணறு அதே கிணறு. உறை அதே உறை. தண்ணீர் ஏன் மாறியது? கிணற்றுக்கு மேலே இருந்த நிலம் மாறியது.

மழைத் தண்ணீர் நேரே கிணற்றில் விழுவதில்லை. மேட்டில் விழுந்து, மண்ணுக்குள் இறங்கி, மாதக் கணக்கில், சில இடங்களில் ஆண்டுக் கணக்கில் ஊர்ந்து பள்ளத்துக் கிணற்றில் ஊறுகின்றது. இன்று நாம் மொள்ளுவது என்றோ பெய்த மழை. மண் அதை வடிகட்டித்தான் அனுப்புகின்றது. ஆனால் கோப்பிக் கடையில் துணிப்பையில் கோப்பி வடிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். தூள் பையில் நின்றுவிடும். நிறமும் கசப்பும் கீழே இறங்கிவிடும். மண்ணும் அப்படித்தான். பாஸ்பேட்டு உரத்தைச் செம்மண் இறுகப் பிடித்துக்கொள்ளும். பாராகுவாட்டு மருந்தையும் களிமண் பிடித்துக்கொள்ளும். 2002 இல் தடை என்றார்கள், 2006 இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து அறவே தடுத்தார்கள். அந்த மருந்து கிணற்றைக் கெடுத்ததைவிட அதை அடித்தவர்களின் நகத்தையும் கண்ணையும் நுரையீரலையும் கெடுத்ததே அதிகம். நைட்ரேட்டின் கதை வேறு. களிமண் அதைப் பிடிப்பதே இல்லை. தண்ணீர் போகும் வழியெல்லாம் அதுவும் போகும்.

மூட்டை கணக்கு தெரிந்தவர்கள் இங்கே பலர் இருப்பதால் ஒரு கணக்குச் சொல்கிறோம். 50 கிலோ சல்பேட் அமோனியா மூட்டை ஒன்றில் நூற்றுக்கு 21 பங்கு நைட்ரஜன். அதாவது பத்தரைக் கிலோ. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அந்த அமோனியாவைச் சில வாரங்களில் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நாட்டுக் குடிநீர் அளவு, லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட்டு நைட்ரஜன். மரம் ஒன்றும் உண்ணாமல் ஒரு மூட்டை முழுவதும் கீழே இறங்கினால், சுத்தமான தண்ணீர் பத்தரை லட்சம் லிட்டரை அந்த எல்லைக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தும். மரம் பெரும்பகுதியை உண்ணும், கொஞ்சம் காற்றில் போகும், ஒரு பங்குதான் இறங்கும் என்பது உண்மை. ஆனால் மேல்காட்டுக்கு ஏறியது ஒரு மூட்டையா? லாரி லாரியாக ஏறியது. எழுதியவர்கள் நாங்கள்.

பழைய ரப்பர் மரம் நின்ற காலத்தில் இந்த உபத்திரவம் குறைவு. முதிர்ந்த பால்மரம் தன் இலையைத் தானே உதிர்த்து, அது மக்கியதைத் தானே உண்டு, ஆழமாக வேர் விட்டு நிற்கும். அதற்குப் பெரிதாக உரம் கேட்காது. கெடுதி நேருவது மரத்தைச் சாய்த்த ஆண்டிலிருந்து அடுத்த சில ஆண்டுகளில். பழைய வேர் செத்துவிட்டது. சாய்த்த மரம் மக்குகின்றது. மூடுபயிராக விதைத்த பூராரியாக் கொடி காற்றிலிருந்து நைட்ரஜனை இழுத்து மண்ணில் சேர்க்கின்றது. அதன்மேல் உரமும் விழுகின்றது. உண்பதற்கு நிற்பதோ, ஹெக்டருக்கு 136 முதல் 148 வரை முழங்கால் உயரச் செம்பனைக் கன்று. மேலே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை. பந்தியில் இலை போட்டுப் பரிமாறிவிட்டார்கள், சாப்பிட ஆள் வரவில்லை. மிச்சமெல்லாம் எங்கே போகும்? செம்பனை வளர்ந்து வேர் பரவிய பிறகு இழப்பு குறைகின்றது என்று ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். அதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த இடைக்காலத்தில் பிறந்த பிள்ளை அதுவரை காத்திருக்குமா?

பிள்ளை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 1945 இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கோம்லி என்ற மருத்துவர், பண்ணை வீட்டுக் கைக்குழந்தைகள் உடல் நீலம் பாரித்ததற்குக் காரணம், பால் கலக்கிக் கொடுத்த கிணற்று நீரின் நைட்ரேட்டே என்று எடுத்துக் காட்டினார். அந்த உப்பு சிறு குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி செய்துவிடுகின்றது. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அந்தப் பயம் இல்லை. நம் தோட்டத்தில் அப்படி ஒரு குழந்தைக்கும் நேரவில்லை. நேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

இனி, ரப்பர் காலமெல்லாம் பொற்காலம் என்று யாரும் கண்ணீர் விட வேண்டாம். 1877 இல் சிங்கப்பூருக்கு வந்த 22 நாற்றுகளிலிருந்து பெருகிய மரம் இது. அதை நடுவதற்குக் காட்டை அழித்து, ஒரு புல் இல்லாமல் சுரண்டி வைத்த ஆரம்ப நாட்களில் மேல்மண்ணெல்லாம் ஆற்றோடு போயிற்று. லாலான் புல்லைக் கொல்லச் சோடியம் ஆர்சனைட்டு அடித்தார்கள். அது பாஷாணம். மாடு செத்த கதை பழைய தோட்டம் ஒவ்வொன்றிலும் உண்டு. பாஷாணம் மக்கி மறையும் பொருள் அன்று. செம்மண்ணில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். அந்த மண்ணில் பிராணவாயு அற்றுப்போகும்படி கழிவுநீரைத் தேக்கினால், இரும்பு கரையும். அதனுடன் பாஷாணமும் அவிழக்கூடும். ஆகையால் பழைய லாலான் காட்டுக்குப் பக்கத்துக் கிணற்றைச் சோதிக்கும் பொழுது பாஷாணத்தையும் சேர்த்துப் பார் என்று எழுதிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பார்க்க மாட்டார்கள்.

ஸ்டோர் கிணறு சிவந்ததற்கும் காரணம் கிட்டத்தட்ட இதுவே. ஸ்டோர் நடந்த காலத்தில் பால் கழுவிய தண்ணீர், பார்மிக் ஆசிட், அமோனியா எல்லாம் பின்னால் ஒரு குழியில் விழுந்துகொண்டிருந்தன. அந்த அழுக்கைத் தின்ற கிருமிகள் மண்ணில் இருந்த பிராணவாயுவை எல்லாம் குடித்துவிட்டன. மூச்சு முட்டிய மண்ணிலிருந்து இரும்பும் மாங்கனீசும் கரைந்து வந்தன. கிணற்றில் இருக்கும்வரை தெளிவு. வாளியில் காற்றுப் பட்டதும் துரு. ஸ்டோர் மூடிப் பல ஆண்டுகள் ஆகியும் கிணறு இன்னும் மறக்கவில்லை.

ஆலைக் கழிவை அடக்கச் சட்டம் வந்தது. 1974 இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம், 1977 இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு விதி, 1978 இல் ரப்பர் ஆலைகளுக்கு விதி. செம்பனை ஆலையிலிருந்து வரும் பச்சைக் கழிவு ஒரு லிட்டர் சுமார் 25,000 மில்லிகிராம் பிராணவாயுவைக் குடிக்கக்கூடியது. வெளியே விடும் பொழுது அது 5,000க்குள் இருக்க வேண்டும் என்று 1978 இல் தொடங்கி, படிப்படியாக இறுக்கி, 1984 இல் 100 என்று கொண்டுவந்தார்கள். குளம் குளமாக வெட்டிக் கழிவை அழுகவிட்டுத் தெளியவைக்கும் முறை அப்படித்தான் பரவியது. ஆறுகளுக்கு அதனால் பெரிய நன்மை. ஆனால் அந்தக் குளங்களில் பல வெறும் மண்ணில் வெட்டியவை. ஆற்றுக்குப் போகும் வாய்க்காலை அளக்க அதிகாரி வருகிறார். குளத்தின் அடியில் இறங்குவதை யார் அளக்கிறார்கள்?

நிலம் மாறுவது எவ்வளவு பெரிது என்பதற்கு இரண்டு எண்கள் போதும். செம்பனையை வாணிகத்திற்காக முதலில் நட்டது 1917 இல், கோலசிலாங்கூர் தென்னமாரம் தோட்டத்தில். 1960 இல் நாடு முழுவதும் சுமார் 55 ஆயிரம் ஹெக்டர். இன்று 56 லட்சம் ஹெக்டர் அளவில் நிற்கின்றது. ஒரு காலத்தில் 20 லட்சம் ஹெக்டரை எட்டிய ரப்பர் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. இத்தனை நிலத்திற்கும் அடியில் தண்ணீர் இருக்கின்றது.

எல்லா நிலத்திலும் ஒரே கேடு வருவதும் இல்லை. மேற்குக் கரையோரச் சேற்று நிலங்களில் கந்தகம் கலந்த இரும்புத் தாது புதைந்து கிடக்கும். நீரில் மூழ்கி இருக்கும்வரை அது சாது. செம்பனைக்காக ஆழமாக வாய்க்கால் வெட்டி நீரை இறக்கினால் காற்றுப் பட்டு ஆசிட்டாகிவிடும். அங்கே கிணற்று நீர் புளிப்பேறும். கடலுக்கு இன்னும் பக்கத்தில் என்றால், நன்னீர் இறங்கிய இடத்தில் உப்பு நீர் ஏறும். கிளந்தானை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற மாநிலங்கள் ஆற்று நீரையே பெரிதும் நம்பியிருக்க, அந்த மாநிலத்தின் வடபகுதி மட்டும் நிலத்தடி நீரைக் குடித்து வாழ்கின்றது. அங்கே இரும்புக் கறை பழைய வழக்கு. பாச்சோக் பக்கத்து மணல் நிலத்தில் புகையிலைக்கும் காய்கறிக்கும் உரமிட்ட இடங்களில் ஆழமற்ற கிணறுகளில் நைட்ரேட்டு ஏறியதும் ஆய்வாளர்கள் கண்ட விஷயமே. மணலில் கோப்பித் துணியே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தை விற்றுத் தாமான் கட்டினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணுவாரும் உண்டு. உரம் நிற்கும், உண்மை. அதற்குப் பதிலாக மலத்தொட்டிகள் வரும், பெட்ரோல் நிலையத்தின் நிலத்தடித் தாங்கிகள் வரும். தாரும் சிமெண்டும் போட்ட தரையில் மழை இறங்காது. ஊறும் தண்ணீர் குறைந்து, இருக்கும் அழுக்கு கெட்டியாகும். சில தோட்டங்களில் குப்பைக் கிடங்கே வந்துவிட்டது. சுற்றுச்சூழல் இலாகா 1990களின் பிற்பகுதியிலிருந்து நாட்டில் பல இடங்களில் நிலத்தடி நீரைச் சோதித்து வருகின்றது. சோதனைக் கிணறுகளை அவர்கள் வகைப்படுத்தியிருக்கும் விதத்தைக் கவனியுங்கள்: விவசாய நிலம், நகரம், தொழிற்பேட்டை, குப்பைக் கிடங்கு, கோல்ப் திடல், பழைய சுரங்கம், நிப்பா நோய்க் காலத்தில் கொன்ற பன்றிகளைப் புதைத்த இடம் என்று. ஊர்ப் பெயரை வைத்து வகை பிரிக்கவில்லை. மேலே என்ன நடக்கின்றது என்பதை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். அரசாங்கத்திற்குத் தெரிந்த இந்தப் பாடம் தோட்ட ஆபீசுக்குள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

தோட்ட ஆபீஸ் என்று சொல்லும் பொழுது கிராணிமார்களாகிய எங்களையும் சேர்த்தே சொல்கிறோம். எந்த நம்பர் காட்டுக்கு எத்தனை மூட்டை ஏறியது, எந்தத் தேதியில், எந்த மண்டோர் கையில் என்பதெல்லாம் எங்கள் கையெழுத்தில் இருக்கின்றது. மருந்து எத்தனை கேலன் என்பதும் இருக்கின்றது. அந்தக் காட்டுக்குக் கீழே எந்தக் கிணறு, அதில் எத்தனை குடும்பம் தண்ணீர் எடுக்கின்றது என்பதை எந்தப் புத்தகத்திலும் நாங்கள் எழுதியதில்லை. எழுது என்று யாரும் சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை. இந்த ஆண்டு எழுதத் தொடங்கியிருக்கிறோம். முதல் பக்கம் எழுதிய அன்றே ஒரு விஷயம் கண்ணில் பட்டது: மருந்து அடிக்கும் கோஷ்டி, தண்ணீர் பக்கத்தில் வேண்டும் என்பதற்காகக் கீழ் லயத்துக் கிணற்று மேடையிலேயே மருந்து கலக்கி, பம்பையும் அங்கேயே கழுவி வந்திருக்கின்றது. பல ஆண்டுகளாக! எல்லோரும் பார்த்த காட்சிதான். கலக்கும் இடத்தை மாற்றுவதற்கு ஒரு தகரக் கொட்டகையும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் போதும். நிர்வாகம் ஒப்புக்கொண்டு செய்தும் கொடுத்துவிட்டது. அதற்கு நன்றி சொல்கிறோம்.

மற்றவற்றுக்கு இன்னும் பதில் வரவில்லை. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்ச வசதிச் சட்டம் 1966 இல் வந்தது. 1990 இல் புதுச் சட்டமாயிற்று. குழாய்த் தண்ணீரை முதலாளி இலவசமாக, போதிய அளவு கொடுக்க வேண்டும் என்பது அதில் உள்ளது. வாரத்தில் பாதி நாள் காற்று மட்டும் வரும் குழாயைப் போதிய அளவு என்று யாரும் வாதிட முடியாது. ஆகவே குழாய் சீராகும்வரை தண்ணீர் லாரி அனுப்ப வேண்டும் என்றும், மறுநடவுக்கோ விற்பனைக்கோ ஒரு காட்டைத் தொடுவதற்கு முன்னும் தொட்ட பின் ஆண்டுதோறும் கீழுள்ள கிணற்றைச் சோதித்து, முடிவை ஆபீஸ் அலமாரியில் பூட்டாமல் பிரட்டுக்களத்துப் பலகையில் ஒட்ட வேண்டும் என்றும் தீர்மானம் எழுதியிருக்கிறோம். தமிழில் மட்டும் ஒட்டினால் போதாது. இன்று லயங்களில் வங்காளதேசத்துச் சகோதரர்களும் இந்தோனேசியக் குடும்பங்களும் இருக்கிறார்கள். சங்கத்தில் சேராதவர்களாக இருக்கலாம், அவர்கள் வாளியும் அதே கிணற்றில்தான் இறங்குகின்றது.

தீர்மானத்தைத் தலைவர் அவர்கள் இப்பொழுது படிப்பார்கள். அதற்கு முன் தாய்மார்களுக்கு ஒரு செய்தி. கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் பால்மா கலக்கும் தண்ணீரைக் குழாயிலிருந்து பிடித்துத் தனிக்கலத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். குழாய் நின்றால் ஆயாக் கொட்டகையில் கிளை வாங்கி வைத்திருக்கும் போத்தல் தண்ணீரைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். கீழ் லயத்துக் கிணறு துணி துவைக்கவும் குளிக்கவும் தாராளமாக ஆகும். மேல்காட்டுக்கு இந்த மாதக் கடைசியில் உரம் ஏறுகின்றது. அதன் பிறகு வரும் முதல் பெருமழை கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மறுபடியும் போத்தல் பிடிக்கப் போகிறோம். முன்னே தொட்டியைப் பற்றிச் சொன்ன பாட்டியையும் கூட வரச் சொல்லியிருக்கிறோம்.